சீனியர் என்பதற்காக எங்களுக்கு விலக்கு வேண்டாம்

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் தருமபுரி மாவட்ட வழக்கறிஞர் ஒருத்தி எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

வழக்கறிஞர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும் விதி ஒருநாள் வந்தால், அனுபவத்தையும் வயதையும் காட்டி யாருக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஒரு தக்காளிக் கேஸைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு சீசன் முழுக்க ஒரே மண்டிக்காரருக்குத் தக்காளி போட்டார். கடைசியில் பணத்துக்குப் பதில் செக் கிடைத்தது. பேங்கில் போட்டால் கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக் திரும்பும் வழக்குகளுக்கான 138-ஆவது பிரிவின் இந்த நாள்கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கட்சிக்காரரிடம் நல்ல சாட்சியமும் இருந்தது. “அடுத்த வாரம் செட்டில் பண்ணிடறேன்ணா” என்று மண்டிக்காரர் அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவுகள். அதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றினேன். மின்னணுச் சாட்சியத்தோடு வைக்க வேண்டிய 65-பி சான்றிதழின் மாதிரி ஒன்று பல வருஷமாக என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அதைத் திறந்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்துவிட்டேன்.

அது 2024 செப்டம்பர். ஜூலை 1-ஆம் தேதியோடு இந்தியச் சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தது. எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். 65-பி போய் 63 வந்தது என்று எண்ணளவில் தெரியும். சான்றிதழுக்கான படிவமே புதிய சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, அதில் இரண்டு பகுதிகள், இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டை, எழுத வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. கட்டு ரிட்டர்ன் ஆகி வந்தது. மேசையில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்த என் ஜூனியர், “மேடம், இது பழைய ஃபார்ம். புதுசுல ஹாஷ் வேல்யூ போடணும்” என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். 20 வருஷ பிராக்டீஸ்.

இரண்டு வாய்தா போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த மனிதர் காய் பறிப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். தப்பு என் மேல்தான் என்று அவரிடம் சொன்னேன். “பரவாயில்ல விடும்மா” என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

இந்தக் கதையில் உங்களுக்கான விஷயம் ஒன்று உண்டு. என் ஜூனியர் அகில இந்திய பார் தேர்வு எழுதியவள். நான் எழுதாதவள். 2009-10 கல்வியாண்டு முதல் சட்டப் படிப்பு முடித்தவர்கள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் விதி செய்தது. 2004-இல் பதிவு செய்த எனக்கு விலக்கு. 2011 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தபோது, ‘புத்தகத்தைப் பார்த்து எழுதற பரீட்சையா?’ என்று நாங்களெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்தோம். பார்த்து எழுதுவதற்காகவாவது அவர்கள் புத்தகத்தைத் திறந்தார்கள் என்பது இப்போது புரிகிறது.

இன்றைக்கு நம் நாட்டில் வழக்கறிஞருக்குக் கட்டாயத் தொடர்கல்வி என்று எதுவும் இல்லை. டாக்டர்களுக்கு ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் என்று அவர்களுடைய நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. பிராக்டீஸ் சான்றிதழ் வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்ட ஆடிட்டருக்கு மூன்று ஆண்டில் 120 மணி. நமக்குப் பதிவு செய்யும்போது ஒருமுறை, அதோடு சரி. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, கருத்தரங்கு நடத்துவதையும் சட்ட வல்லுநர்களைப் பேச வைப்பதையும் மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. நடத்தலாம் என்கிறது, நாங்கள் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. பதிவுக்கு முந்தைய பயிற்சி விதிகளை உச்ச நீதிமன்றம் 1999-இல் ரத்து செய்தது. பார் தேர்வை நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தொடர்கல்வியும் ஒருநாள் கட்டாயமாகும் என்றே நினைக்கிறேன். ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

என் கவலை வேறு இடத்தில். எங்கள் சங்கக் கூடத்தில் டீ குடிக்கும்போது இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். யார் யாருக்கு விலக்கு என்றுதான் கேட்பார்கள். 15 வருஷம் ஆனவர்களுக்கு வேண்டாம் என்பார் 16 வருஷம் ஆனவர். 60 வயது என்பார் இன்னொருவர், அவருக்கு 61. அரசு வழக்கறிஞருக்கு எதற்கு, சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நேரமேது என்று பட்டியல் நீளும். டீ ஆறுவதற்குள் வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் போன வருஷம் பதிவு செய்த பிள்ளைகள் மட்டும்தான் என்று ஆகிவிடும். நாளைக்கு நீங்கள் விதி எழுத உட்காரும்போது இதே குரல்கள்தான் சென்னையிலும் உங்கள் காதில் விழும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அனுபவத்தைக் காட்டி விலக்குக் கேட்பதை 2024 ஜூலை 1 பொய்யாக்கிவிட்டது. 511 பிரிவு கொண்ட இந்திய தண்டனைச் சட்டம் 358 பிரிவு கொண்ட நியாய சன்ஹிதா ஆனது. 302 என்று சொன்னால் டீக்கடைக்காரருக்கும் புரியும், கொலை. புதிய சட்டத்தில் கொலை 103. அதில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. 420 போய் 318. பழைய 304 கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், புதிய 304 பறித்துக்கொண்டு ஓடும் செயின் திருட்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதைவிட வேடிக்கை. முன்ஜாமீன் 438-இலிருந்து 482-க்கு நகர்ந்தது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது 528. எண் அதே, விஷயம் வேறு. 30 வருஷம் ஒரே எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்குதான் இதில் முதலில் வழுக்கும். நேற்று கல்லூரியை விட்டு வந்த பிள்ளைக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லை.

எண்ணோடு போனால்கூடப் பரவாயில்லை, எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதம் நடந்த அடிதடிக்கு ஜூலையில் எஃப்.ஐ.ஆர். போட்டால் குற்றப் பிரிவு பழைய சட்டத்தில், நடைமுறை புதிய சட்டத்தில். ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழையபடியே நடக்கும். இந்தப் பிரிப்பு பிடிபடாமல் அந்த மாதங்களில் எத்தனை மனுக்கள் திரும்பின என்று நம் எல்லோருக்கும் தெரியும். நம் மூத்தவர் ஒருவர் பழைய 438 போட்டு முன்ஜாமீன் மனு கொடுத்து, அது திரும்பி, அவருடைய கட்சிக்காரர் கூடுதலாக இரண்டு ராத்திரி சொந்தக்காரர் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக் கிடந்தார். மூத்தவரின் பெயர் வேண்டாம். நான் மட்டும் யோக்கியமா என்ன, தக்காளிக் கேஸைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டங்களை எதிர்த்து அப்போது தமிழ்நாடு முழுக்க வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு செய்தோம், நானும் கொடி பிடித்தேன். இன்றும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் எதிர்க்கிற சட்டம் என்பதற்காக அதைப் படிக்காமல் இருந்தது எங்கள் சௌகரியத்துக்காகச் செய்த காரியம். பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினோம்.

என் சீனியரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூத்தவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று ஆகிவிடும். 70 தாண்டியவர். மூன்று புதிய சட்டங்களுக்கும் பழையது, புதியது என்று தன் கையாலேயே அட்டவணை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். சிவப்பு மை பழையது, நீலம் புதியது. “உனக்கு ஜெராக்ஸ் தர மாட்டேன், உட்கார்ந்து எழுதிக்கோ” என்றார். வயதைக் காட்டி இவருக்கு விலக்குக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். விலக்கு தேவைப்படாதவர் கேட்க மாட்டார், கேட்பவருக்குத்தான் வகுப்பு தேவைப்படும். முதுமையால் உடம்பு முடியவில்லை என்றால் அது உடல்நலக் காரணம். அதற்குத் தனியாக வழி வைக்கலாம். வயதையே காரணமாக்க வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசும்போது வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. அரூர் பக்கத்து அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து செய்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பழங்குடிப் பெண்கள் 18 பேர் வல்லுறவுக்கு ஆளான வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரையும் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்றது. 12 ஆண்டு கழித்து அதே தேதியில், 2023 செப்டம்பர் 29, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கின் முதுகெலும்பான சட்டங்களில் ஒன்று 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அது அமலுக்கு வந்தது 1990 ஜனவரி 30. சம்பவம் நடந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது இரண்டரைகூட ஆகவில்லை. அன்றைக்கு இங்கே பேர் பெற்றிருந்த எந்த வக்கீலும் கல்லூரியில் அதைப் படித்திருக்க முடியாது. எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் புதிதாகத்தான் படித்திருக்க வேண்டும். வாச்சாத்திப் பெண்களிடம் போய் ‘எனக்கு 20 வருஷ சர்வீஸ், எனக்குப் புதுச் சட்டப் படிப்பிலிருந்து விலக்கு’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

வெளிநாடுகளில் இந்த விலக்குப் பட்டியலை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1975-இல் மின்னசோட்டாவும் அயோவாவும்தான் முதலில் கட்டாயமாக்கின. மின்னசோட்டாவில் இன்றும் மூன்று ஆண்டுக்கு 45 மணி. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25. வேடிக்கை என்னவென்றால், கலிபோர்னியாவில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரித்துக் கெடு வைக்கிறார்கள். நமக்கு அது சரிப்படாது. இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதிலேயே ஒரு ரிட் மனு வரும்.

அதே கலிபோர்னியாவில் இந்த விலக்குப் பட்டியலை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போனார். ஓய்வுபெற்ற நீதிபதிகள், மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியாளர்கள், முழுநேரச் சட்டப் பேராசிரியர்கள் என்று சிலருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்றவர்களுக்குச் சமநீதி எங்கே என்பது அவர் கேள்வி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. விலக்குப் பெற்றவர்கள் பொதுவாகத் தனிநபர் கட்சிக்காரர்களுக்காக முழுநேரம் வழக்காடுகிறவர்கள் அல்ல, ஆகவே பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றது. அவர் தோற்ற வழக்குதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவில் சொல்கிற நியாயமான வகைப்படுத்தலும் கிட்டத்தட்ட இதுவேதான். கட்சிக்காரருக்காக வக்காலத்துப் போடுகிறாயா, இல்லையா? போடுகிறாய் என்றால் வந்து உட்கார்.

பிலிப்பைன்ஸ் பட்டியல் வேறு ரகம். அங்கே மூன்று ஆண்டுக்கு 36 மணி. விலக்குப் பெறுவோர் வரிசை குடியரசுத் தலைவரில் தொடங்கி, துணைத் தலைவர், அமைச்சர்கள், செனட்டர்கள், நீதிபதிகள் என்று ஆளுநர்கள், மேயர்கள் வரை போகிறது. படித்தவுடன் எனக்கு நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு இங்கே பட்டியல் போட்டால் எம்.பி., எம்.எல்.ஏ., வாரியத் தலைவர் என்று ஆரம்பித்து, பார் கவுன்சில் உறுப்பினர், சங்கத் தலைவர், செயலாளர், முன்னாள் செயலாளர் என்று எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மரியாதையோடு கேட்கிறேன்: விதி எழுதும் நீங்கள் உங்கள் பெயரை அதில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் சங்கத்தில் பேச்சே எழாது. இங்கிலாந்தில் வருஷத்துக்கு 16 மணி என்ற கணக்கையே 2016 நவம்பரில் சாலிசிட்டர்களுக்கு எடுத்துவிட்டார்கள், அவரவர் தேவையை அவரவரே பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்று. நம்மை நாமே நம்பி அந்த அளவுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

மாநில அரசிலும் மத்திய அரசிலும் முழுநேரம் வேலை பார்க்கும் வழக்கறிஞர்களுக்கு கலிபோர்னியாவில் விலக்கு உண்டு. இங்கே அரசு வழக்கறிஞருக்கு அது கூடவே கூடாது. குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை. சட்டப் பேராசிரியர்கள் விஷயத்தில் விலக்கைவிட நல்ல வழி இருக்கிறது. அவர்கள் எங்களுக்கு எடுக்கும் வகுப்பையே அவர்கள் கணக்கில் மணி நேரமாக வரவு வையுங்கள். தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி 2017-இல்தான் வந்தது. நான் படித்த காலத்தில் சேலத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இப்போது கல்லூரி ஊரிலேயே இருக்கிறது, அங்கே சொல்லித்தருபவர்களும் நீதிமன்றத்தில் நிற்பவர்களும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

இனி, உண்மையிலேயே வர முடியாதவர்கள். இதில் எனக்குச் சொந்தக் கதை உண்டு.

2009-இல் எனக்குக் குழந்தை பிறந்தது. அப்புறம் மாமனாருக்குப் பக்கவாதம். ஏறக்குறைய மூன்று வருஷம் கோர்ட் பக்கமே போகவில்லை. அந்தக் காலத்தில் யாராவது என்னை மணிக்கணக்கு காட்டி வகுப்புக்கு வா என்றிருந்தால் பதிவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். என்னோடு பதிவு செய்த பெண்களில் அப்படித் தொழிலை விட்டுவிட்டு இன்று சேலையும் நைட்டியும் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் விதியில் கட்டாயம் இடம் வேண்டும்.

ஆனால் நான் திரும்பி வந்தது 2012 கடைசியில். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. எங்கள் மாவட்டத்துக்கு அது எப்படிப்பட்ட சட்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தைத் திருமணம் என்பது தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பேப்பரில் படிக்கிற செய்தி இல்லை, அடுத்த தெருவில் நடக்கிற காரியம். 17 வயதுப் பெண்ணைக் கட்டிய பையனின் அம்மா வந்து, “ஊரறியத் தாலி கட்டினோம், இதுல என்னம்மா கேஸு?” என்று கேட்டபோது, எனக்குக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மட்டும்தான் தெரியும். 2006-இல் வந்த அதை நான் வீட்டுக்குப் போகும் முன்பே படித்திருந்தேன். போக்சோவை அந்தக் கேஸ் கட்டைப் பார்த்துத்தான் படித்தேன், அதுவும் எதிர்த்தரப்பு வாதத்துக்குப் பிறகு. பிறகு 2017 அக்டோபரில், மனைவியோடு கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்பதற்கான வயது வரம்பை 15-இலிருந்து 18 ஆக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது வேறு. யோசித்துப் பாருங்கள், நான் விலகியிருந்த அந்த மூன்று வருஷத்தில்தான் எனக்குப் பிறகு மிகவும் தேவைப்பட்ட சட்டம் உருவானது.

அதனால் நான் கேட்பது தள்ளுபடி இல்லை, தவணை. விவசாயக் கடனில் தள்ளுபடிக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். வர முடியாத காலத்தில் ஒரு மணி நேரம்கூடக் கேட்காதீர்கள். திரும்பி வக்காலத்துப் போடத் தொடங்கும்போது ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, இடையில் மாறியதை மட்டும் சொல்லித்தரும் ஒரு வகுப்பு வையுங்கள். அதைத் தண்டனை மாதிரி இல்லாமல், ‘வாம்மா, விட்ட இடத்திலிருந்து தொடங்கு’ என்கிற மாதிரி நடத்துங்கள். நோயாளிகளுக்கும் இதுவே. பார்வையற்ற வழக்கறிஞர்களுக்கு விலக்கைக் கொடுத்துவிட்டுக் கைகழுவ வேண்டாம், கேட்டுப் படிக்கிற மாதிரி பாடத்தைக் கொடுங்கள். பதிவு மட்டும் செய்துவிட்டு ஃபைனான்ஸும் ரியல் எஸ்டேட்டும் பார்ப்பவர்கள் வேண்டுமானால் முழு விலக்கு வாங்கிக்கொள்ளட்டும். அந்த விலக்கு இருக்கும்வரை வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, வண்டியில் ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருக்கும்.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் விலக்குக் கேட்பவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் தூரம். இதை நீங்கள் சாக்குப்போக்கு என்று தள்ள முடியாது. தருமபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலையில் இறங்கி, எங்கேயாவது முகம் கழுவி, வகுப்பில் உட்கார்ந்து தூங்கி விழுந்துவிட்டு மறுபடி ராத்திரி பஸ். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ பிராக்டீஸ் செய்பவருக்கு மாவட்டத் தலைநகருக்கு வந்து போவதே அரை நாள். போக்குவரத்து, தங்கல், வகுப்புக் கட்டணம் என்று சேர்த்தால் ஜூனியருக்கு ஒரு மாதச் சம்பளம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அந்த 15,000 எங்கள் ஊரில் எத்தனை பேர் கையில் ஏறியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நானே முழுசாகக் கொடுக்கவில்லை.

ஆன்லைனில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது பாதித் தீர்வு. சிக்னல் இருக்கிற இடத்தில் சரி. ஆனால் போனில் வகுப்பை ஓடவிட்டுவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குக் கிளம்புகிற பழக்கமும் உண்டு. மணிக்கணக்கை மட்டும் எண்ணினால் இரண்டும் நடக்கும். வகுப்பு முடிவில் எங்கள் வேலையிலிருந்தே ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு 63-ஆம் பிரிவுச் சான்றிதழை நிரப்பு, ஒரு முன்ஜாமீன் மனுவின் தலைப்பை எழுது, அவ்வளவு போதும். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் ‘நிபுணரை’ எங்கள் மாதிரி சின்ன ஊரில் எங்கே போய்த் தேடுவது என்றும் யாராவது சொல்லித்தந்தால் புண்ணியமாகப் போகும். தக்காளிக் கேஸில் அதற்கே மூன்று வாரம் அலைந்தேன்.

வகுப்பு தமிழில் இருக்க வேண்டும். இங்கே சாட்சி தமிழில் சொல்கிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் சாட்சியைத் தமிழுக்குக் கொண்டுவருவதற்கே ஒரு திறமை வேண்டும். சென்னையிலிருந்து ஒருவர் வந்து ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டுப் படித்தால் முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை போன் பார்க்கும். பார் தேர்வையே தமிழில் எழுதலாம் என்று வைத்திருக்கும்போது இதற்கு என்ன தடை?

இன்னொன்றும் வேண்டும். விலக்குக் கொடுத்தால், யாருக்குக் கொடுத்தோம், எந்தத் தேதி வரை என்பதைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நோயின் பெயர், வீட்டுக் கஷ்டம் எதுவும் வேண்டாம். பெயரும் முடியும் தேதியும் போதும். முடியும் தேதி இல்லாத விலக்கு என்று ஒன்று இருக்கவே கூடாது.

விதி வருவதற்கு நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். கட்டாயம் இல்லாமலே ஒரு வகுப்பை இங்கே நடத்திப் பாருங்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை. மின்னணுச் சாட்சியம் மட்டும் போதும், வேறு எதையும் சேர்க்க வேண்டாம். எங்கள் சங்கக் கூடத்தில் நாற்காலி இருக்கிறது, இரண்டு ஃபேனில் ஒன்று ஓடும். வருகிறவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவர நானே வண்டி எடுத்து வருகிறேன். என் சீனியரும் வருவார், சிவப்பு மை, நீல மை இரண்டு பேனாவோடு. வருவதாக ஜூனியரிடம் பெயர் கொடுத்தவர்கள் இதுவரை 23 பேர். அதில் 15 வருஷத்துக்கு மேல் பிராக்டீஸ் உள்ளவர்கள், என்னையும் என் சீனியரையும் சேர்த்து, நான்கு பேர்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்தில் பிராக்டீஸ் செய்யும்,
பார் தேர்விலிருந்து விலக்குப் பெற்ற ஒரு வழக்கறிஞர்